சஹனில் அஸீலாவின் பக்கம்

“உங்கடை பக்கத்தை நான் பாத்துக்கொள்ளுறன், மச்சாள்.”

“எப்பிடிப் பாப்பாய்?”

“தின்னுவன். வேறை என்ன செய்யிறது? நீங்கள் பேருக்கு விரலைப் போட்டு அளைஞ்சுகொண்டிருங்கோ. மிச்சம் என்ரை வேலை.”

“மாமி கண்டா?”

“கண்டா என்னைத்தானே பேசுவா. உங்களை இல்லையே.”

“களவு மாதிரி இருக்கு, றுஷ்தா.”

“தின்னுறது களவில்லை. எடுத்து மடியிலை கட்டினாத்தான் களவு. சும்மா படுங்கோ. மூக்கிலை குழாயை வைச்சுக்கொண்டு இவ்வளவு கதைச்சா நர்ஸ் என்னை வெளியிலை கலைச்சுப்போடுவா.”

இந்தப் பேச்சு நடந்தது போன வருடம், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில், பார்வையாளர் நேரம் முடியப்போகிற ஒரு மத்தியானத்தில். கட்டிலில் கிடந்தவள் அஸீலா. பக்கத்து ஸ்டூலில் அமர்ந்து வாழைப்பழம் ஒன்றை உரித்துத் தானே தின்றுகொண்டிருந்தவள் அவளுடைய கணவன் றியாஸின் தங்கை றுஷ்தா. யாரோ பார்க்க வந்தவர்கள் நோயாளிக்கென்று கொண்டுவந்து வைத்த பழம் அது. நோயாளிக்கு வாயால் எதுவும் கொடுக்கக் கூடாதென்று தலைமாட்டில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தின் முதல் வேலை அந்தப் பழத்தோடு தொடங்கியதாகப் பிறகு இருவரும் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். சிரித்தால் அஸீலாவுக்கு வலிக்கும். அளவாகத்தான் சிரித்தாள்.

அவளுடைய வயிற்றில் இரண்டு தழும்புகள். ஒன்று புத்தளத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பெண்டிக்ஸ் வெடித்ததற்கு. மற்றது மகள் ஹனா பிறந்ததற்கு. இரண்டும் மெல்லிய கோடாய் ஆறிப்போயிருந்தன. ஆனால் ஹனா தவழத் தொடங்கிய காலத்தில் வயிற்றுக்குள் ஒரு இழுவை தொடங்கியது. சட்டைக்குள் தைத்த உள்துணியை யாரோ பிடித்து இழுப்பது போல. ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். இரத்தம் எடுத்தார்கள், அதுவும் ஒன்றுமில்லை. அவர்கள் குடியிருக்கிற சோனகதெருவில் பாதிப்பேர் அதை ‘காஸ்’ என்றும் மீதிப்பேர் ‘கண்ணூறு’ என்றும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். போன வருடம் மூன்று நாள் ஓயாமல் வாந்தியெடுத்து, வயிறு பறை போல இறுகி, தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் விஷயத்துக்குப் பெயர் வந்தது.

“வெளியிலை ஆறினது வேறை, உள்ளுக்கை ஆறினது வேறை,” என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். “வெட்டின இடம் ஆறேக்கை உள்ளுக்கை நார் மாதிரி ஒரு சவ்வு வளரும். அது குடலைக் குடலோடையும், குடலை வயித்துச் சுவரோடையும் ஒட்டி வைச்சிடும். இப்ப உங்கடை குடல் ஒரு இடத்திலை மடிஞ்சு ஒட்டியிருக்கு. கூடச் சாப்பிட்டா அந்த மடிப்பிலை போய் அடைச்சுக்கொள்ளும்.”

“அதை வெட்டி எடுக்க ஏலாதோ, டொக்டர்?”

“எடுக்கலாம். ஆனா அந்த வெட்டும் ஆறவேணுமெல்லோ? ஆறேக்கை திரும்ப ஒட்டும். உயிருக்கு ஆபத்தெண்டா வெட்டுவன். இல்லாட்டி வெட்டமாட்டன்.”

இந்தமுறை வெட்டவில்லை. மூக்கால் குழாய் விட்டு, குடலுக்கு ஓய்வு கொடுத்து, அது தானாகத் திறக்கும்வரை காத்திருந்தார்கள். வார்டில் காலையும் மாலையும் வருகிற டொக்டர்மார் எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: காத்துப் போச்சுதா? கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை அவள். வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்விக்கு இத்தனை ஆண்களுக்கு முன்னால் பதில் சொல்வாள் என்று நினைத்ததில்லை. கடைசியில் ஒரு விடியற்காலை அது போனபோது பக்கத்துக் கட்டில் மக்டலீன் அக்கா எழுந்து உட்கார்ந்து தன் ஜெபமாலையை முத்தமிட்டாள். அஸீலா அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னது இவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். மெதுவாக, நன்றாக மென்று. வயிறு போதும் என்றால் அந்த வாயோடு நிறுத்திவிட வேண்டும். நோ இருக்கும், அதோடு பழகவேண்டியதுதான். வாந்தி வந்து, வயிறு இறுகி, காற்றும் போகாவிட்டால் உடனே வரவேண்டும். அடுத்தமுறை அனேகமாக வெட்டவேண்டி வரும்.

பழகிக்கொண்டாள். மனிதர் எதற்குத்தான் பழகுவதில்லை? காலையில் கண் விழித்ததும் எழும்பாமல் கிடந்து, வயிறு இன்றைக்கு எந்தக் குணத்தில் இருக்கிறது என்று பார்ப்பாள். இழுக்கிற நோ என்றால் பரவாயில்லை, அது வீட்டில் குடியிருக்கிற ஆள் மாதிரி. அதை வைத்துக்கொண்டே சமைக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம், வீட்டுவேலைக் கொப்பி திருத்தலாம். அலையலையாக முறுக்கிக்கொண்டு வருகிற நோதான் பொல்லாதது. அதற்குச் சுடுநீர்ப் பை, இடப்பக்கம் சரிந்து முழங்காலை மடித்துப் படுப்பது, பிறகு எழுந்து முற்றத்தில் நடப்பது, தேயிலைச் சாயம் மட்டும் குடிப்பது. வகுப்பில் முறுக்கு வந்தால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நீளமான ஒரு கணக்கைக் கொடுப்பாள். அஸீலா டீச்சர் மேசையைப் பிடித்தால் கணக்குக் கஷ்டமாக வரும் என்பது அந்தப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு.

“இண்டைக்கு வானிலை எப்பிடி?” என்று றியாஸ் தினமும் கேட்பான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கைபேசி திருத்துகிற கடை வைத்திருக்கிறவன். எதையும் திறந்து பார்த்தால் திருத்திவிடலாம் என்று நம்புகிற ஜாதி. திறந்து பார்க்கவே கூடாத ஒரு பொருள் தன் மனைவியின் வயிற்றில் இருக்கிறது என்பதை அவனால் சுலபத்தில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

“முகில் மூட்டம்,” என்பாள் அவள். அல்லது, “கடலுக்குப் போகவேண்டாம்.”

இதெல்லாம் சனியிலிருந்து வியாழன்வரை. வெள்ளிக்கிழமை வேறு கதை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து வந்ததும் அந்த வீட்டில் எல்லோரும் ஒரே சஹனில் சாப்பிடுவார்கள். கலியாண வீடுகளில் வைக்கிற அதே அகலத் தட்டு. நடுவில் சோறு குவித்து, மேலே இறைச்சியும் கறிகளும் வைத்து, சுற்றிவர உட்கார்ந்து, ஆளாளுக்குத் தன் முன்னால் இருக்கிற பக்கத்திலிருந்து சாப்பிடுவது. மற்ற வீடுகளில் இது விசேஷத்துக்கு மட்டும். மாமனார் ஜமால்தீனின் வீட்டில் வாரா வாரம். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது அவர்களிடம் இருந்தது ஒரேயொரு தட்டு. பிறகு தட்டுகள் வந்தன, வீடு வந்தது, யுத்தம் முடிந்து சோனகதெருவுக்குத் திரும்பியும் வந்தார்கள். வெள்ளிக்கிழமைத் தட்டு மட்டும் ஒன்றாகவே இருந்தது. மாமியார் றஹ்மத்தும்மா அதை மாற்ற விடவில்லை.

“அவனவன் தன்ரை கோப்பையைத் தூக்கிக்கொண்டு மூலையிலை போய் இருந்து தின்னுறதுக்கு இது லொட்ஜ் இல்லை,” என்பாள். ஒருமுறை றியாஸ் கிரிக்கெட் மட்ச் பார்க்கிற அவசரத்தில் தனக்குத் தனித் தட்டில் போட்டுத் தரச் சொன்னான். அன்று முழுக்க அவனோடு அவள் கதைக்கவில்லை.

சஹனுக்கு ஒரு வேகம் உண்டு. சுற்றியிருக்கிற கைகளின் வேகம் அது. ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்களும் எடுத்துவிடுவார்கள். பெரியவர்கள் பசியோடு எழும்பக்கூடும் என்பதால் யாரும் முந்தி எடுப்பதில்லை. தட்டில் மிச்சம் வைப்பதும் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அன்பு காட்டுகிற முறை ஒன்று உண்டு. தன் பக்கத்து நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது. அஸீலா நோயாளி என்பதால் எல்லோரும் அவள் பக்கம் தள்ளினார்கள். ஜமால்தீன் ஈரலைத் தள்ளுவார். றஹ்மத்தும்மா எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் பிய்த்துத் தள்ளுவாள். ஹனாவை மடியில் வைத்துக்கொண்டு றியாஸும் தன் பங்குக்குத் தள்ளுவான். அஸீலாவின் பக்கம் சாப்பிடச் சாப்பிட உயர்ந்துகொண்டே போகும். அவள் அதை முடிக்கும்வரை எல்லோரும் விரலால் சோற்றை அளைந்துகொண்டு பொறுமையாகக் காத்திருப்பார்கள். அந்தப் பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவசர அவசரமாக விழுங்குவாள். சனிக்கிழமை படுக்கையில் கிடப்பாள்.

வெள்ளிக்கும் சனிக்கும் உள்ள தொடர்பு வீட்டாருக்குத் தெரியாமல் போகவில்லை. ஆனால் அவர்கள் கண்டுபிடித்த காரணம் உறைப்பு.

“அவளின்ரை குடல் புண்ணாக் கிடக்கு. உந்தத் தூளை இனி இந்த வீட்டிலை வெள்ளிக்கிழமையிலை போடப்படாது,” என்று றஹ்மத்தும்மா சட்டம் போட்டாள். மிளகாய்த்தூள் போயிற்று. அடுத்த மாதம் மிளகு போயிற்று. பிறகு புளி. சஹனில் வெள்ளையாக ஒரு இறைச்சிக் கறி வந்து உட்கார்ந்தது.

“றஹ்மத்து, இது என்ன கறி?” என்று ஜமால்தீன் கேட்டார்.

“இறைச்சிதான்.”

“மாட்டுக்கு மௌத்தாகேக்கை காய்ச்சலோ? இப்பிடி வெளிறிப்போய்க் கிடக்கு.”

“உங்களுக்கு நாக்கு முக்கியமோ, மருமகள் முக்கியமோ?”

“மருமகள்தான். நான் சும்மா மாட்டைப் பற்றித்தான் கேட்டன்,” என்று கிழவர் வாயை மூடிக்கொண்டார்.

அஸீலா ஒருமுறை றியாஸிடம் சொல்லப் பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில் அவளை ஏற்ற வந்து மோட்டார் சைக்கிளில் காத்து நின்றவன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

“உறைப்பில்லைங்கோ. எவ்வளவு சாப்பிடுறன், எவ்வளவு கெதியாச் சாப்பிடுறன், அதுதான். எனக்குத் தனிக் கோப்பையிலை…”

“அஸீலா,” என்றான் அவன், தாழ்ந்த குரலில். “உம்மா உனக்காகத் தூளை விட்டிட்டா. வாப்பா ஒரு வருசமா கஞ்சிக் கறி தின்னுறார். ரெண்டுபேரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இனி அந்தச் சஹனையும் எடுக்கச் சொல்லி எப்பிடிக் கேக்கிறது? வேறை ஏதாவது கேள். நான் செய்து தாறன்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். அவள் கேட்காத எல்லாவற்றையும் அந்த வீடு அவளுக்காக விட்டுக்கொடுத்துவிட்டது. கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்க இப்போது வாய் வரவில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள்.

ஆகவே றுஷ்தாதான் மிஞ்சினாள். ஒவ்வொரு வெள்ளியும் மச்சாளின் இடப்பக்கம் வந்து உட்காருவாள். எல்லோரும் பேச்சில் இருக்கும்போது அவளுடைய கை எல்லை தாண்டி வந்து ஒரு துண்டோடு திரும்பிப் போகும். தனக்கு முன்னால் இருப்பதைத்தான் தின்னவேண்டும் என்பது ஓதப் போகிற பிள்ளைக்கும் தெரிந்த ஒழுங்கு. றஹ்மத்தும்மாவின் கண் அதைப் பிடித்துவிடும்.

“அங்கை பார், அடுத்தாள் பக்கத்திலை கை வைக்கிறாள்! வருத்தக்காரியின்ரை பங்கையும் விடமாட்டியோ? நாளைக்கு மாமியார் வீட்டிலை உப்பிடிச் செய்தியெண்டா அடுத்த பஸ்ஸிலை ஏத்தி அனுப்பிப்போடுவினம்.”

“அனுப்பட்டும். பஸ்ஸிலை சாப்பிடக் குடுத்துவிடுவினம்தானே,” என்பாள் றுஷ்தா, வாய் நிறையச் சோற்றோடு.

சோனகதெருவில் அவளுக்கு ‘பெருவயித்தா’ என்று ஒரு பட்டமும் வந்தது. மெல்லிய பிள்ளை அவள். ஒரு வருடத்தில் கன்னம் வைத்துவிட்டது. அஸீலா மன்னிப்புக் கேட்டால், “விடுங்கோ, முகம் இப்பத்தான் போட்டோவுக்கு எடுப்பா இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அந்தப் போட்டோ மன்னாருக்குப் போயிற்று. அங்கே எருக்கலம்பிட்டியில் ஒரு குடும்பம். மாப்பிள்ளை மன்னார் டவுனில் வங்கியில் வேலை. இரண்டு பக்கமும் பேசி, எல்லாம் ஏறக்குறைய முடிவாகி, மாப்பிள்ளையின் தாய் ஹைருன்னிஸா தன் மூத்த மகளோடும் கணவரோடும் வந்து பெண்ணை நேரில் பார்த்து வாய்ச்சொல் கொடுப்பதென்று இருந்தது. அவர்கள் குறித்தனுப்பிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

அந்த வாரம் அஸீலாவின் வானிலை சரியில்லை. புதன்கிழமை தொடங்கிய முறுக்கு விடவில்லை. வியாழன் முழுக்கச் சாயமும் அரிசிக் கஞ்சித் தண்ணீரும்தான். வெள்ளி காலை வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பறை இல்லை, ஆனால் பறைக்குத் தோல் கட்டத் தொடங்கிவிட்டார்கள். காற்று போயிருந்தது, கொஞ்சம். அடைப்பு இன்னும் முழுமையாகவில்லை என்று அர்த்தம். இன்றைக்கு வயிற்றைச் சும்மா விட்டால் நாளைக்குத் தப்பலாம். நிரப்பினால் வார்டுதான், அதற்குப் பிறகு கத்தி.

விடிந்ததிலிருந்து வீடு மணத்துக்கொண்டிருந்தது. விருந்தாளிக்கென்று தூள் திரும்பி வந்திருந்தது, மிளகும் புளியும் வந்திருந்தன. ஜமால்தீன் பள்ளிவாசலுக்குப் போகுமுன் அடுப்படி வாசலில் இரண்டுமுறை வந்து காரணமில்லாமல் நின்றுவிட்டுப் போனார்.

றுஷ்தாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள் அஸீலா. கண்ணாடிக்குள் அவளுடைய முகத்தைப் பார்த்தே றுஷ்தா கண்டுபிடித்துவிட்டாள்.

“முறுக்குது, என்ன?”

“ம்.”

“வழக்கம்போலை என்ரை இடப்பக்கம்… இல்லை, நான் உங்கடை இடப்பக்கம் இருக்கிறன்.”

“இண்டைக்கு வேண்டாம். அந்த மனிசிக்கு முன்னாலை அடுத்தாள் பக்கத்திலை கை வைச்சியோ, முடிஞ்சுது.”

“அப்ப நீங்கள் என்ன செய்வியள்? நோன்பெண்டு சொல்லலாமோ?”

“வெள்ளிக்கிழமை மட்டும் தனிச்சு நோன்பு பிடிக்கப்படாதெண்டு ஆருக்குத் தெரியாது? ஒரு சொல்லிலை பிடிபட்டுப்போவன்.”

“தலையிடி?”

“அது ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சொன்னது. புத்தளத்துச் சாச்சி இன்னும் மறக்கேல்லை. அவவின்ரை சோறு எனக்குப் பிடிக்கேல்லையாம், அதுதான் கையை எடுத்தனாம்.”

“ஹனாவுக்குக் காய்ச்சலெண்டு…”

அந்த நேரம் பார்த்து ஹனா வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கத்திக்கொண்டு ஓடினாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“எங்களிட்டை இருந்த பொய்யெல்லாம் முடிஞ்சுது, மச்சாள்,” என்றாள் றுஷ்தா. பிறகு குரல் மாறிக் கேட்டாள்: “நான் போனாப்பிறகு என்ன செய்யப்போறியள்? அதைப் பற்றி ஒருநாளாவது யோசிச்சனீங்களோ?”

அஸீலா பின்னலின் நுனியில் ரிபனைக் கட்டினாள். யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். மாமியிடம் கேட்கவேண்டிய வசனத்தை வகுப்புக்குப் பாடம் தயார்செய்வது போல மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். எப்படித் தொடங்கினாலும் அது மாமியின் முப்பத்தைந்து வருடத்தை மறுக்கிற வசனமாகவே வந்து முடிந்தது.

“இண்டைக்குச் சாப்பிடுவன்,” என்றாள். “சாப்பிட்டுப் பாப்பம். நீ உன்ரை பக்கத்தைப் பார்.”

மன்னார் வான் பதினொரு மணிக்கே வந்துவிட்டது. ஹைருன்னிஸா கனத்த, கலகலப்பான மனிசி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டைப் பாராட்டி, முருங்கையைப் பாராட்டி, றுஷ்தாவின் கன்னத்தைக் கிள்ளி, “போட்டோவிலை இதிலை பாதிதான் விழுந்திருக்கு,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜும்ஆ முடிந்து ஆண்களுக்கு முன்விறாந்தையில் ஒரு சஹன் வைத்தார்கள். பெண்களுக்கு உள்ளறையில் பாய் போட்டு, வெள்ளைத் துணி விரித்து ஒன்று. றஹ்மத்தும்மா, ஹைருன்னிஸா, அவளுடைய மகள், அஸீலா. றுஷ்தா பரிமாறுவதாகத்தான் ஏற்பாடு.

“எங்கடை மருமகளும் இருக்கட்டும்,” என்றாள் ஹைருன்னிஸா. “ஒரு சஹனிலை இருந்தாத்தானே ஆளைத் தெரியும்.”

றுஷ்தா வந்து உட்கார்ந்தாள். அஸீலாவின் இடப்பக்கம்.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தார்கள். அஸீலா சிறிதாக உருட்டி வாயில் போட்டு, நீண்ட நேரம் மென்றாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது உருண்டை இறங்கும்போதே முறுக்கு எழுந்து வந்தது. விலா எலும்புக்குக் கீழே தொடங்கி, தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இறங்கிப் போயிற்று. அவள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு நல்ல பயிற்சி உண்டு.

“நீங்கள் சாப்பிடுறியளே இல்லை,” என்று ஹைருன்னிஸா அவளைப் பார்த்தாள். “மெலிஞ்சு கிடக்கிறியள். டீச்சர்மார் எல்லாம் இப்பிடித்தான், கத்திக் கத்தி உருகிப்போவினம். இந்தாங்கோ.” பெரிய தொடைத் துண்டொன்று சஹனுக்குக் குறுக்காக வந்து அஸீலாவின் பக்கத்தில் இறங்கியது.

“ஓம், நல்லாச் சொல்லுங்கோ. நான் சொன்னாக் கேக்கமாட்டா,” என்று றஹ்மத்தும்மாவும் தன் பக்கத்திலிருந்து ஈரல் தள்ளினாள். அவள் கண்களில் உண்மையான இரக்கம் இருந்தது.

அஸீலா தொடையிலிருந்து ஒரு நாரைப் பிய்த்தாள். அடுத்த முறுக்கு வந்தது. விரல்கள் துண்டின்மேலேயே நின்றுவிட்டன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்தது. மருதோன்றி போட்ட கை. ஈரல் அதோடு போயிற்று.

“றுஷ்தா!” என்றாள் றஹ்மத்தும்மா. சிரித்துக்கொண்டே சொல்ல முயன்றாள், சிரிப்புச் சரியாக வரவில்லை. “விருந்தாளியளுக்கு முன்னாலை என்ன பழக்கம் இது?”

“பசிக்குது உம்மா,” என்றாள் றுஷ்தா.

ஹைருன்னிஸா சிரித்தாள். “பிள்ளைக்கு வீட்டிலை இறைச்சி குடுக்கிறேல்லையோ?” வேடிக்கையாகச் சொன்ன பேச்சுத்தான். அவளுடைய மகள் சிரிக்கவில்லை.

பேச்சு மாறியது. மன்னாரில் தண்ணீர்க் கஷ்டம், பாலம் தாண்டினால் காற்று, மாப்பிள்ளைக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. அந்த இடைவெளியில் அஸீலா இன்னும் ஒரு வாய் வைத்தாள். அது இறங்க மறுத்தது. நெற்றியில் குளிர்ந்த வேர்வை துளிர்த்தது. தொடைத் துண்டு அப்படியே இருந்தது, எல்லாக் கைகளும் வேகம் குறைந்து அவளுக்காகக் காத்திருந்தன. அப்போது மருதோன்றிக் கை மறுபடி எல்லை தாண்டியது. அவசரமில்லாமல், எல்லோரும் பார்க்க, தொடைத் துண்டை எலும்போடு எடுத்துக்கொண்டு போயிற்று.

ஹைருன்னிஸா சஹனிலிருந்து கையை எடுத்தாள். அவளைப் பார்த்து அவளுடைய மகளும் எடுத்தாள்.

“மெலிஞ்சு கிடக்கிறவவுக்கெண்டு நான் வைச்ச துண்டு அது,” என்றாள் ஹைருன்னிஸா. குரலில் கலகலப்பு இல்லை. “எங்கடை பெரிய வீடு. சின்னஞ்சிறுசுகள் கனபேர். அடுத்தாள் பசியைப் பாக்கத் தெரியாட்டிக் கொஞ்சம் கஷ்டம்தான்.”

றஹ்மத்தும்மாவின் முகம் சாம்பல் பூத்தது. விறாந்தையில் ஜமால்தீன் கறியைப் புகழ்ந்துகொண்டிருந்தார், அது இங்கேவரை கேட்டது. றுஷ்தா தலையைக் குனிந்து மென்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பசியில்லை என்பது அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். காலையில் பயத்தில் அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கண்ணீர் இறைச்சியின்மேல் விழுந்துவிடாமல் இருக்கத்தான் அவ்வளவு குனிந்திருந்தாள்.

முறுக்கு வந்து போகட்டும் என்று அஸீலா காத்திருந்தாள். அது போனதும் சஹனிலிருந்து கையை எடுத்து, துணியின் ஓரத்தில் வைத்தாள்.

“மாமி.”

“தண்ணி வேணுமோ, மகள்?”

“இல்லை, மாமி. றுஷ்தாவுக்குப் பசியில்லை. அவ என்ரை பங்கைத் தின்னுறா. போன வருசம் ஆஸ்பத்திரியாலை வந்த நாளிலையிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தின்னுறா. எனக்காக. நான் ஓமெண்டு விட்டுக்கொண்டிருந்தனான்.”

றுஷ்தா நிமிர்ந்தாள். ஹைருன்னிஸா ஒன்றும் விளங்காமல் ஒருத்தியிலிருந்து மற்றவளுக்குப் பார்வையை மாற்றினாள்.

“என்னத்துக்கு?” என்றாள் றஹ்மத்தும்மா. “நான்தான் தூளைக்கூட…”

“தூளில்லை, மாமி. என்ரை குடல் உள்ளுக்கை ஒட்டிக் கிடக்கு. நாலு வாய்க்குமேலை இறங்காது, அதுவும் மெதுவாத்தான் இறங்கும். நீங்களெல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டிருக்க, நான் அவசரத்திலை விழுங்குறன். அதுதான் சனிக்கிழமையிலை என்னைப் படுக்கையிலை போடுறது. இவ்வளவு நாளும் உங்களிட்டைச் சொல்லப் பயந்து இருந்திட்டன்.”

றஹ்மத்தும்மா சஹனைப் பார்த்தாள். பிறகு மருமகளின் கையைப் பார்த்தாள்.

“நான் எங்கையும் எழும்பிப் போகமாட்டன். இதே பாயிலை, உங்களுக்குப் பக்கத்திலைதான் இருப்பன்,” என்றாள் அஸீலா. “எனக்கு ஒரு தனிக் கோப்பையிலை கொஞ்சமாப் போட்டுத் தாங்கோ, மாமி. இண்டைக்கு மட்டுமில்லை. இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்.”